கல்லூரிப் பாடத்துக்கு எந்த எக்செல் வெர்ஷன்? முழுமையான வழிகாட்டி

பாடத்திட்டத் தாளில் "எக்செல் தேவை" என்று ஒரே ஒரு வரி இருக்கும். எந்த எக்செல் என்று இருக்காது. தேடிப் பார்த்தால் 2016, 2019, 2021, 2024, சந்தா கட்டிப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் 365, பிரவுசரில் திறக்கும் ஆன்லைன் எக்செல், மேக் எக்செல் என்று பட்டியல் நீளும். இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கும் வேறு கூடவே வந்து நிற்கும். இந்த இடத்தில் பலர் "இருப்பதிலேயே புதியது எது?" என்று பார்த்து அதையே எடுத்துவிடுகிறார்கள். புதியது கெட்டதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

உங்கள் ஃபைல் கடைசியில் எந்தக் கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டு மதிப்பெண் வாங்கப்போகிறது? தேர்வை எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள்? அங்கே இருக்கும் வெர்ஷனும் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் வெர்ஷனும் வேறு வேறு என்றால், இரண்டில் பழையது எதுவோ அதுதான் உங்கள் வெர்ஷன். அதில் இல்லாத எதையும் நீங்கள் வைத்திருந்தும் பயனில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போடுவதற்குத்தான்.

(ஃபங்ஷன் பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். செல்லில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

படி 1: பாடத்தில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்

மென்பொருளைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் வரும் எக்செல் வேலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு செமஸ்டர் பாடத்துக்கு இந்தப் பட்டியல் அரைப்பக்கம்கூட வராது. ஆனால் முடிவின் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

கூட்டல், சராசரி, இஃப், வி-லுக்கப், சார்ட், பிவட் டேபிள் என்று மட்டும் வந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தைய எக்செலும் இதைச் செய்யும், இலவச மென்பொருள்களும் செய்யும். கணினி அடிப்படைப் பாடங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

பட்டியலில் சில பெயர்கள் தென்பட்டால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

முதலாவது, டேட்டா அனாலிசிஸ் டூல்பேக். புள்ளியியல் பாடங்களில் ரிக்ரெஷன், அனோவா, டி-டெஸ்ட் எல்லாம் இதை வைத்துத்தான் சொல்லித்தருவார்கள். இது எக்செலோடு வரும் ஆட்-இன், அதாவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணைக்கருவி. ஆனால் தானாகத் தெரியாது, ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் பக்கத்துக்குப் போய் டிக் போட்டால்தான் டேட்டா டேபில் வந்து உட்காரும். டெஸ்க்டாப் எக்செலில் உண்டு, பிரவுசரில் திறக்கும் எக்செலில் கிடையாது. "என் எக்செலில் டேட்டா அனாலிசிஸ் பட்டனே இல்லை" என்று புலம்புகிறவர்களில் ஒரு பகுதி டிக் போடாதவர்கள், மீதிப் பேர் பிரவுசரில் திறந்தவர்கள்.

இரண்டாவது, சால்வர். நிபந்தனைகளுக்கு உட்பட்டு மிகச் சிறந்த விடையைத் தேடித்தரும் கருவி. ஆபரேஷன்ஸ் ரிசர்ச், நிதி மேலாண்மை போன்ற பாடங்களில் தவறாமல் வரும். இதுவும் டெஸ்க்டாப் எக்செலோடு வரும் ஆட்-இன்தான், விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு.

மூன்றாவது, மேக்ரோவும் விபிஏவும். மேக்ரோ என்பது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் சின்ன நிரல், விபிஏ அதை எழுதும் மொழி. பாடத்திட்டத்தில் விபிஏ என்ற வார்த்தை இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது: டெஸ்க்டாப் எக்செல் வேண்டும், முடிந்தால் விண்டோஸில். பிரவுசர் எக்செல் விபிஏவை ஓட்டாது. கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று வேறொன்று இருக்கிறது, அது ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படையிலானது. விபிஏ பாடத்துக்கு அதை வைத்துச் சமாளிக்க முடியாது.

நான்காவது, பவர் குவெரியும் பவர் பிவட்டும். முதலாவது வெளியிலிருந்து டேட்டாவை இழுத்துச் சுத்தம் செய்யும், இரண்டாவது பல டேபிள்களை இணைத்து அலசும். பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் வரும் பாடங்களில் இவை இரண்டும் இருக்கும். பவர் குவெரி 2016 முதல் டேட்டா டேபிலேயே இருக்கிறது. மேக்கிலும் வந்துவிட்டது, ஆனால் விண்டோஸ் அளவுக்கு எல்லா இடங்களிலிருந்தும் டேட்டாவை இழுக்காது. பவர் பிவட் மேக்கில் இல்லவே இல்லை.

ஐந்தாவது, புதிய ஃபங்ஷன்கள்: எக்ஸ்-லுக்கப், ஃபில்டர், யுனிக், சார்ட்-பை, லெட், லாம்டா. வெர்ஷன் சண்டை நடப்பதே இந்த இடத்தில்தான். இதைப் படி 4-ல் விரிவாகப் பார்ப்போம்.

டேட்டாவின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்செல் 2007-லிருந்து ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைகளும் 256 நெடுவரிசைகளும்தான். இது பழங்கதை இல்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்கு, டேட்டாவைப் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் ஏற்றியதுதான் காரணம். வரிசை தீர்ந்ததும் மீதி டேட்டா உள்ளே ஏறவில்லை. அதனால் உங்களிடம் எந்த வெர்ஷன் இருந்தாலும் சரி, எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் சேமிக்காதீர்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் போதும், மேக்ரோ இருந்தால் எக்ஸ்எல்எஸ்எம்.

படி 2: யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேளுங்கள்

சீனியரிடம் கேட்டால் அவர் படித்த வருடத்தின் பதில் கிடைக்கும். லேப் மாறியிருக்கலாம், ஆசிரியர் மாறியிருக்கலாம். பாடம் எடுப்பவருக்கு ஒரு சின்ன மெயில் போட்டுவிடுவது நல்லது. இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். இந்த செமஸ்டர் உங்கள் ஸ்ப்ரெட்ஷீட் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். மென்பொருள் வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். லேப் கம்ப்யூட்டர்களில் எந்த எக்செல் இருக்கிறது? அசைன்மென்ட்டை நீங்களே திறந்து பார்ப்பீர்களா, தானாகத் திருத்தும் தளம் இருக்கிறதா? தேர்வை லேப் கம்ப்யூட்டரில் எழுத வேண்டுமா, சொந்த லேப்டாப்பிலா? எக்ஸ்-லுக்கப், ஃபில்டர் போன்ற புதிய ஃபங்ஷன்களைப் பயன்படுத்தலாமா? நன்றி சார்."

"எந்த எக்செல் வாங்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "எதுவானாலும் சரி" என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தனித்தனியாகக் கேட்டால்தான் தனித்தனியாகப் பதில் வரும்.

இதில் இரண்டாவது கேள்வி முக்கியமானது. சில பாடங்களில் மாணவர்களின் ஃபைலை மனிதர் திருத்துவதில்லை, ஒரு தளம் திருத்துகிறது. அது விடையை மட்டும் பார்க்காது. செல்லுக்குள் என்ன ஃபார்முலா இருக்கிறது, சார்ட் எந்த வகை, நெடுவரிசை எந்தப் பாணியில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் வேறு மென்பொருளில் செய்து எக்செல் வடிவத்தில் சேமித்துக் கொடுப்பது சூதாட்டம். விடை சரியாக இருந்தும் மதிப்பெண் போகலாம். தானாகத் திருத்தும் தளம் என்று தெரிந்தால், அந்தத் தளம் எந்த வெர்ஷனைக் கேட்கிறதோ அதையே எடுங்கள். அதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

படி 3: கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

லேப்டாப்போடு வந்தது, வீட்டில் யாரோ போட்டுக்கொடுத்தது என்று ஏதோ ஒரு எக்செல் பலரிடம் இருக்கும். அது எது என்பதை ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்ற இடத்தில் பார்க்கலாம். மேக்கில் எக்செல் மெனுவில் அபவுட் எக்செல்.

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வெர்ஷன் எண் 16 என்று காட்டும். 2016-ம் 16, 2019-ம் 16, 2021, 2024, மைக்ரோசாஃப்ட் 365 எல்லாமே 16. 2013 வரைக்கும் எண்ணை வைத்தே வெர்ஷனைச் சொல்லிவிடலாம்: 2013 என்றால் 15, 2010 என்றால் 14, 2007 என்றால் 12. 2016-க்குப் பிறகு எண் நகரவே இல்லை. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, அக்கவுண்ட் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தயாரிப்புப் பெயரைப் பாருங்கள்.

பெயரையும் நம்பத் தோன்றவில்லையா? எக்செலிடமே கேட்டுவிடலாம். ஒரு காலி ஷீட்டைத் திறந்து சமக்குறி போட்டு, ஃபங்ஷன் பெயரை அடிக்க ஆரம்பியுங்கள். இருக்கும் ஃபங்ஷன் என்றால் கீழே பட்டியலில் பெயர் வரும், இல்லாவிட்டால் வராது. இந்த வரிசையில் அடித்துப் பாருங்கள். டெக்ஸ்ட்-ஜாயின் வருகிறதா? வராவிட்டால் உங்களிடம் இருப்பது 2016 அல்லது அதற்கும் பழையது. வந்தால் அடுத்து சீக்வென்ஸ். அது வராவிட்டால் 2019. வந்தால் வி-ஸ்டாக். அது வராவிட்டால் 2021. அதுவும் வந்தால் கடைசியாக குரூப்-பை. அது வராவிட்டால் பெரும்பாலும் 2024, வந்தால் மைக்ரோசாஃப்ட் 365. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு: அலுவலகம் அல்லது கல்லூரி கொடுத்த 365-ல் அப்டேட்டை மெதுவாக விடும்படி வைத்திருந்தால் சில புதிய ஃபங்ஷன்கள் தாமதமாகத்தான் வந்து சேரும்.

இதே சோதனையை லேப் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை செய்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. மெயிலுக்குப் பதில் வராவிட்டாலும் இது பதில் சொல்லிவிடும்.

படி 4: எந்த வெர்ஷனில் எது வந்தது

2016-ல் ஹிஸ்டோகிராம், பாக்ஸ் பிளாட், வாட்டர்ஃபால், ட்ரீமேப் போன்ற சார்ட்கள் வந்தன. பவர் குவெரி எக்செலுக்குள்ளேயே வந்தது. 2019-ல் இஃப்ஸ், ஸ்விட்ச், மேக்ஸ்-இஃப்ஸ், டெக்ஸ்ட்-ஜாயின், கான்கேட் வந்தன. உண்மையைச் சொன்னால் 2016-க்கும் 2019-க்கும் நடுவே ஒரு மாணவர் உணரும் வித்தியாசம் குறைவு. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இஃப் போடுவதற்குப் பதில் ஒரு இஃப்ஸ் போடலாம், அவ்வளவுதான்.

பெரிய பள்ளம் 2019-க்கும் 2021-க்கும் நடுவில் இருக்கிறது. எக்செல் கணக்குப் போடும் முறையே அங்கே மாறியது. அதற்கு முன் ஒரு செல்லில் ஒரு ஃபார்முலா, ஒரு விடை. பல விடைகள் வேண்டுமென்றால் செல்களை முதலில் தேர்ந்தெடுத்து, ஃபார்முலாவை அடித்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். 2021-ல் டைனமிக் அரே வந்தது. ஒரு செல்லில் அடித்தால் விடைகள் தாமாகவே கீழேயும் பக்கத்திலும் விரியும். ஃபில்டர், சார்ட் (வரைபடம் இல்லை, வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்), சார்ட்-பை, யுனிக், சீக்வென்ஸ் எல்லாம் இதைச் சார்ந்தவை. எக்ஸ்-லுக்கப்பும் லெட்டும் இதே வெர்ஷனில்தான். 365 வைத்திருந்தவர்களுக்கு இவை முன்பே வந்துவிட்டன.

ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். உங்கள் லேப்டாப்பில் 365. எக்ஸ்-லுக்கப் வைத்து ஒரு விலைப்பட்டியல் அசைன்மென்ட் முடித்துவிட்டீர்கள். ஃபைலை லேபுக்கு எடுத்துப்போகிறீர்கள், அங்கே 2019. திறந்தால் எல்லா விடையும் சரியாகத் தெரிகிறது. நிம்மதி. ஒரு செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பார்த்தால், எக்ஸ்-லுக்கப்புக்கு முன்னால் அடிக்கோடு போட்டு எக்ஸ்எல்எஃப்என் என்று நீங்கள் எழுதாத ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எனக்கு இந்த ஃபங்ஷன் தெரியாது, கடைசியாகக் கணக்கிட்ட விடையை மட்டும் காட்டுகிறேன்" என்று எக்செல் சொல்லும் விதம் அது. ஆசிரியர் அந்த செல்லில் டபுள் கிளிக் செய்து என்டர் தட்டினால் போதும், விடை போய் நேம் எர்ரர் வந்து நிற்கும். சரியாக விடை தெரிந்த ஃபைல் திருத்தும்போது உடைந்துபோவது இப்படித்தான்.

தலைகீழாகவும் நடக்கும். பழைய எக்செலில் எழுதிய ஃபார்முலாவைப் புதியதில் திறந்தால் சில இடங்களில் அட் குறி முளைத்திருக்கும். பயப்பட வேண்டாம். பழைய எக்செல் ஒரு விடையை மட்டும் எடுத்துக்கொண்ட இடத்தை அது அடையாளம் காட்டுகிறது. விடை மாறாது.

2024-ல் லாம்டா, வி-ஸ்டாக், எச்-ஸ்டாக், டெக்ஸ்ட்-ஸ்பிளிட், டெக்ஸ்ட்-பிஃபோர், டெக்ஸ்ட்-ஆஃப்டர் ஆகியவை வந்தன. டேட்டாவைச் சுத்தம் செய்யும் வேலை நிறைய இருக்கும் பாடத்துக்கு டெக்ஸ்ட்-ஸ்பிளிட் ஒன்றே நேரத்தை மிச்சப்படுத்தும். குரூப்-பை, பிவட்-பை, எக்செலுக்குள் பைத்தான் ஆகியவை 365-ல் மட்டும்.

அறிவியல் மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தேதி மாதிரித் தெரியும் எழுத்துகளை எக்செல் தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பெயர்களில் இது பெரும் தலைவலியாகி, மார்ச், செப்ட் என்று தொடங்கும் மரபணுக்களின் பெயர்களையே 2020-ல் மாற்றிவிட்டார்கள். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செலில் 2023-ல்தான் பொதுவாக வந்தது. பழைய வெர்ஷன் வைத்திருப்பவர்கள் டேட்டாவை ஒட்டுவதற்கு முன் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அப்புறம், ஆதரவுக் காலம். 2016-க்கும் 2019-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரை, 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரை. ஆதரவு முடிந்தால் எக்செல் நின்றுவிடாது, பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கிறது, பாடத்துக்குப் போதும் என்றால் ஒரு செமஸ்டரை ஓட்டலாம். புதிதாகக் காசு கொடுத்து 2019-ஐ வாங்குவது மட்டும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

படி 5: விண்டோஸா, மேக்கா, வேறா

விண்டோஸ் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். 32-பிட், 64-பிட் என்று கேட்டால் 64-பிட் எடுங்கள். பெரிய டேட்டாவுக்கு நினைவகத்தை அதுதான் தாராளமாகப் பயன்படுத்தும்.

மேக்கில் டூல்பேக், சால்வர், பிவட் டேபிள், சாதாரண மேக்ரோ எல்லாம் ஓடும். ஓடாதவை பவர் பிவட்டும், ஷீட்டில் வைக்கும் ஆக்டிவ்-எக்ஸ் வகைப் பட்டன்களும். விபிஏவில் யூசர்ஃபார்ம் (பயனர் விவரங்களை உள்ளிடும் பெட்டி) வடிவமைக்கும் பகுதியும் மேக்கில் இல்லை. பாடத்தில் இவை வந்தால் கல்லூரி லேபை நம்புவதுதான் எளிது. இன்னொரு சின்னத் தொல்லை: பாடப்புத்தகத்தில் இருக்கும் ஷார்ட்கட்களும் படங்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. எஃப்4 தட்டினால் டாலர் குறி வரவில்லை என்றால் கமாண்ட் டி-யை (T) தட்டிப் பாருங்கள். மேக்கோடு வரும் நம்பர்ஸ் மென்பொருளை இந்தப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. அழகாக இருக்கும், எக்செல் பாடத்துக்கு உதவாது.

குரோம்புக்கில் பிரவுசர் எக்செல்தான் கதி. டேப்லெட்டிலும் ஃபோனிலும் ஃபைலைப் பார்க்கலாம், சின்னத் திருத்தம் செய்யலாம், விபிஏ ஓடாது. அசைன்மென்ட்டை ஃபோனில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

படி 6: எக்செலே இல்லாமல் முடியுமா?

பல பாடங்களுக்கு முடியும். ஆனால் ஆசிரியர் சம்மதித்திருக்க வேண்டும்.

பிரவுசர் எக்செல் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் இலவசம். புதிய ஃபங்ஷன்கள் இதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எக்ஸ்-லுக்கப்புக்காக மட்டும் எக்செல் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைத் திறந்து பாருங்கள். பிவட் டேபிளும் செய்யலாம். இல்லாதவை விபிஏ, டூல்பேக், பவர் பிவட்.

கூகுள் ஷீட்ஸ் குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டுக்கு மிக வசதி. நான்கு பேர் ஒரே ஷீட்டில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், யார் எதை மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்கலாம். ஒரு ஃபைலில் 1 கோடி செல்கள் வரை இடம் உண்டு. அது கேட்க அதிகம், ஆனால் 20 நெடுவரிசை உள்ள டேட்டா என்றால் 5 லட்சம் வரிசையிலேயே தீர்ந்துவிடும், அதற்கு வெகு முன்பே வேகம் குறையும். டேட்டாவிலிருந்து வேண்டியதை மட்டும் வடிகட்டித் தரும் குவெரி ஃபங்ஷன் இதில் அருமையானது. ஆனால் அது எக்செலில் இல்லை, எனவே ஃபைலை எக்செல் வடிவத்தில் இறக்கினால் அந்த ஃபார்முலா வேலை செய்யாது. ஷீட்ஸில் தொடங்கி எக்செலில் கொடுக்க வேண்டிய வேலை என்றால் குவெரி, வேறு ஃபைலிலிருந்து டேட்டா இழுக்கும் இம்போர்ட்-ரேஞ்ச் பக்கமே போகாதீர்கள்.

லிப்ரே ஆஃபீஸ் கால்க் முழுக்க இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். புள்ளியியல் மாணவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் மாற்று இதுதான். டேட்டா மெனுவில் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற பகுதியில் ரிக்ரெஷன், அனோவா, டி-டெஸ்ட் எல்லாம் எந்த ஆட்-இன்னும் போடாமலே இருக்கின்றன. சால்வரும் உண்டு. ஆனால் வெர்ஷன் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது. 2022-ல் வந்த 7.4-க்கு முன் 1,024 நெடுவரிசைதான். எக்ஸ்-லுக்கப், ஃபில்டர், சார்ட், யுனிக், லெட் ஆகியவை 2024 ஆகஸ்டில் வந்த 24.8-ல்தான் சேர்ந்தன. லினக்ஸோடு ஏற்கெனவே வந்த பழைய லிப்ரே ஆஃபீஸை அப்படியே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விபிஏவை ஓரளவுக்கு ஓட்டும், ஆனால் அந்த ஓரளவை நம்பித் தேர்வுக்குப் போக முடியாது. சேமிக்கும்போது தனக்கே உரிய ஓடிஎஸ் வடிவத்தில்தான் முதலில் சேமிக்கப் பார்க்கும். செட்டிங்ஸில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று ஒருமுறை மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

படி 7: காசு கொடுக்கும் முன்

முதலில் கல்லூரி மெயில் முகவரியை மைக்ரோசாஃப்டின் கல்விப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கல்லூரி பதிவு செய்திருந்தால் உங்களுக்கு ஏதாவது ஒரு திட்டம் கிடைக்கும். அதில் ஏ1 என்றால் பிரவுசர் எக்செல் மட்டும். ஏ3, ஏ5 என்றால் டெஸ்க்டாப்பில் இறக்கிப் போட்டுக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து வரும். "கல்லூரி எக்செல் இலவசம் என்றார்கள், டவுன்லோட் பட்டனே இல்லையே" என்றால் அது ஏ1. கல்லூரியின் ஐடி பிரிவில் கேட்டால் ஏ3 கிடைக்குமா என்று சொல்வார்கள்.

கல்லூரி கொடுப்பது கல்லூரியோடு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டால் எக்செல் மட்டும் போகாது, அதோடு இணைந்த ஒன்-டிரைவில் இருக்கும் ஃபைல்களும் போகும். கடைசி செமஸ்டரில் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

கல்லூரி வழியாகக் கிடைக்கவில்லை, டெஸ்க்டாப் எக்செல் கட்டாயம் என்றால் இரண்டு வழி. ஒரே தடவை காசு கட்டி 2024 வாங்குவது ஒன்று. அது ஒரு கம்ப்யூட்டருக்கு, கால வரம்பு இல்லை, ஆனால் அடுத்த வெர்ஷன் வந்தால் அது உங்களுக்குக் கிடைக்காது. இன்னொன்று மாதமோ வருடமோ சந்தா கட்டி 365 எடுப்பது. கட்டும் வரை எப்போதும் புதியது. ஒரே ஒரு செமஸ்டருக்கு மட்டும் எக்செல் வேண்டும் என்றால் மாதச் சந்தாதான் சரி, தேர்வு முடிந்ததும் நிறுத்திவிடலாம். மூன்று நான்கு வருடமும் வேண்டும், பாடம் 365-க்கே உரிய எதையும் கேட்கவில்லை என்றால் 2024 சரி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் கட்டணத்தை மாதங்களால் பெருக்கிப் பார்த்து முடிவெடுக்கலாம். அதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

கிராக் செய்த எக்செலைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அசைன்மென்ட், வங்கிக் கணக்கு, மெயில் எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரில், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்லும் ஒரு மென்பொருளைப் போடுகிறீர்கள். இலவசமாக மூன்று மாற்றுகள் இருக்கும்போது இது தேவையே இல்லை.

படி 8: ஒத்திகை பாருங்கள்

முடிவெடுத்தாயிற்று என்றால் முதல் அசைன்மென்ட் வருவதற்கு முன் ஒரு சோதனை ஃபைல் செய்யுங்கள். படி 1-ல் எழுதிய பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சின்ன உதாரணம் இருக்கட்டும்: ஒரு லுக்கப், ஒரு பிவட் டேபிள், ஒரு சார்ட், ஒரு கண்டிஷனல் ஃபார்மேட்டிங், தேதிகள் உள்ள ஒரு நெடுவரிசை. அதை லேப் கம்ப்யூட்டரில் திறந்து, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்9 தட்டுங்கள். எல்லா ஃபார்முலாவையும் எக்செல் மறுபடி கணக்கிடும். சும்மா திறந்து பார்ப்பதில் ஒளிந்துகொள்ளும் பிழைகள் இதில் வெளியே வந்துவிடும்.

தேதி நெடுவரிசையைக் குறிப்பாகப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் நாள் முதலில், லேப் கம்ப்யூட்டரில் மாதம் முதலில் என்று இருந்தால், சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) வரும் 03/04 இரண்டிலும் இரண்டு தேதியாகப் படிக்கப்படும். பிழை எதுவும் காட்டாது, விடை மட்டும் தப்பாக இருக்கும். ஃபார்முலாவுக்குள் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும் கம்ப்யூட்டர்களும் உண்டு. அதுவும் இதே வட்டார அமைப்பால் வருவதுதான், எக்செல் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை.

எக்செலிலேயே இதற்கு ஒரு உதவி இருக்கிறது. ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் செக் ஃபார் இஷ்யூஸ், அதில் செக் காம்பாட்டிபிலிட்டி. பழைய வெர்ஷனில் என்னென்ன உடையும் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் அசைன்மென்ட்டை அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

படி 9: செமஸ்டர் நடுவில் மாற்றாதீர்கள்

பாதி செமஸ்டரில் நண்பர் ஒருவர் புதிய வெர்ஷன் போட்டிருப்பார், உங்களுக்கும் ஆசை வரும். தேர்வு முடியட்டும். ஒரே கம்ப்யூட்டரில் பழையதும் புதியதும் சேர்ந்து இருந்தால் எந்த ஃபைல் எதில் திறக்கும் என்ற குழப்பம் வேறு. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஆட்-இன் டிக்குகளை மறுபடி போட வேண்டியிருக்கும், படி 8-ன் சோதனை ஃபைலையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

365 வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் தானாகவே வரும் என்பதால் இன்னொரு ஜாக்கிரதை. தேர்வு நடக்கும் வாரத்தில் அக்கவுண்ட் பக்கத்தில் அப்டேட் ஆப்ஷன்ஸ் போய் அப்டேட்டை நிறுத்திவைத்துவிட்டு, தேர்வு முடிந்த அன்றே மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள்.